கேட்காமல் விட்ட தண்ணீர்

தம்பி,

இந்தக் காகிதங்களை உன் மாத்திரைப் பைக்குள் மடித்து வைக்கிறேன். பெட்டியில் வைத்தால் நீ போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்துத்தான் பார்ப்பாய். மாத்திரைப் பையை எப்படியும் விமானத்திலேயே திறந்தாக வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போட்டுவிட்டுப் படி. படித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதே, உன் சங்கதி எனக்குத் தெரியும்.

முந்தாநாள் கூடத்தில் பெட்டியைப் பரப்பி வைத்து நீ சட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். டிவியில் நீ போகிற நாட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கு, ரோட்டில் டயர் எரிகிற புகை, துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய்கள். அங்கே ஆஸ்பத்திரிகளில் மருந்து வைக்கிற குளிர் அறை போட உன்னை மூன்று மாதத்துக்கு அனுப்புகிறது கம்பெனி, அதுவும் நோன்பு மாதம் பார்த்து. நான் பயத்தை வெளியில் காட்டாமல், "பகல்ல ஒரு கடையும் இருக்காதேப்பா, தண்ணி தாகம்னா அக்கம்பக்கத்துல கேட்டுக்குவியா?" என்றேன். நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்: "செத்தாலும் அவங்ககிட்ட ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டேம்மா. எங்கப்பாவுக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எதுக்கு?" அடுப்பில் வேலை இருக்கிறது என்று நான் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பற்ற வைக்கக்கூட இல்லை. அங்கே நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உனக்குப் பருப்புப்பொடி கட்டினேன்.

உன் அப்பாவுக்கு அந்த ஊரில் யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது பொய். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை, ஆனால் சொன்னவரைத் திருத்தாமல் இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உனக்கு ஒன்பது வயதில் காதில் விழுந்த பொய்யை நீ இருபத்தொன்பது வயது வரைக்கும் சுமந்துகொண்டு, இப்போது கடல் தாண்டியும் எடுத்துப் போகிறாய். போன வருஷம் உனக்கும் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோதே இதை எழுதியிருக்க வேண்டும். உன் அப்பாவை எது கொண்டுபோனதோ அதுவே உன்னையும் கொண்டுபோகப் பார்க்கும், நான் இனியும் பேசாமல் இருந்தால்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்கிறேன், உனக்கு அவருடைய கிரீஸ் வாசனையும் மீசையும்தான் ஞாபகம் இருக்கும். ஜெகதாப்பட்டினம் பக்கத்து ஐஸ் பிளான்ட்டுகளில் கம்ப்ரசர் மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குளத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் பைக்கிலேயே போய் வருவார். கடற்கரைப் பக்கமே வீடு எடுத்துக்கொள்ளலாமே என்றால், "அங்கிட்டு தண்ணி உப்பு. ஒன் கொணத்தோட அதுவும் சேந்தா நான் தாங்க மாட்டேன்" என்பார். ஊருக்கெல்லாம் ஐஸ் உண்டாக்கிக் கொடுத்த மனிதர், நம் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. முப்பத்தாறு வயதில் சர்க்கரை முற்றி ஊசி போட ஆரம்பித்தபோது, மருந்துக் குப்பியை ஒரு டம்ளரில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தோம். நீ அதைக் கப்பல் என்று சொல்லி ஊதி ஊதி நகர்த்துவாய். நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். குடை எடுத்துப் போங்க என்றால் நனைந்துதான் வருவார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் பேச்சை ஒரு தடவைதான் கேட்டார், அதைத்தான் உனக்கு இப்போது சொல்லப் போகிறேன்.

அது நடந்ததற்கு முந்தின வருஷம் ஒரு நாள், நீயும் நானும் அறந்தாங்கி பஸ்ஸில் போனோம். நீ பசி என்று படுத்தி எடுத்தாய், எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். தாளிப்பு வாசனை பஸ் பூராவும் பரவியது. பக்கத்து சீட்டில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பின்னாலிருந்த ஒரு பெண் என் தோளைத் தொட்டு, "நோன்பு வச்சிருக்காரு" என்று கிசுகிசுத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசிப்போனது. பொட்டலத்தை மூடப் போனேன். அந்தப் பெரியவர் திரும்பி, "சாப்பிடட்டும்மா, பச்சப் புள்ள" என்றார். அவர் சிரித்தபடிதான் சொன்னார். நான்தான் சிரிக்காமல் இறங்கி வந்து, எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நோன்பு மாதத்தில் அவர்கள் இருக்கிற பக்கம் போனால் எதையும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நான் விரதம் இருந்தால் எதிரில் யாராவது முறுக்கு கடித்தால்கூட எனக்குச் சுள்ளென்று வரும், உனக்கே தெரியும். எல்லாரும் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெரியவரிடமே, "ஐயா, ஒங்க முன்னால சாப்பிட்டா கஷ்டமா இருக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் ஐஸ் பிளான்ட்டிலிருந்து போன் வந்தது. அந்த வாரம்தான் கடலுக்கு மீன் பிடிக்கப் போன ஆட்களை அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தது. அவர்களை விடச் சொல்லிக் கடற்கரை ஜனம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. எங்கேயோ ஒரு பஸ் கண்ணாடி உடைந்தது, அங்கே போலீஸ் குவிந்தது, பேப்பர் பூராவும் அதுதான். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். "கரையில எறக்குன மீனு கெடக்கு, மிஷினு நின்னு போச்சாம். நான் போகலேன்னா அம்புட்டும் நாறிப்போகும். மெயின் ரோட்ட விட்டுட்டு உள் ரோட்ல போயிடுறேன்" என்றார். உள் ரோடு என்றால் கடலோரத்து முஸ்லிம் ஊர் ஒன்றின் வழியாகப் போக வேண்டும். அந்த ஊரின் பெயரை இதில் நான் எழுதவில்லை. நீ கோபத்தில் அதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய், இதைப் படித்து முடித்தபின் நீயே மரியாதையோடு சொல்லிக்கொள்.

காலை ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு நாலு இட்லி சாப்பிட்டார். சட்டைப் பையில் கடலைமிட்டாய் போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை இறங்கினால் உடனே வாயில் போட. அதைக் கொடுத்த கையோடு நானே சொன்னேன்: "என்னங்க, அங்கிட்டு எல்லாரும் நோன்பு. யார்கிட்டயும் தண்ணி கிண்ணி கேட்டு வைக்காதீங்க. பையில இருக்கதயும் அவங்க கண்ணு முன்னால எடுத்துத் திங்காதீங்க. நம்ம மரியாதைய நாமதான் காப்பாத்திக்கணும்." அவர் பைக்கை உதைத்துக்கொண்டே, "ஊர் தாண்டிப் போய்த் திங்கலாம்ல?" என்றார். "தாண்டிப் போய்த் தின்னுங்க" என்றேன். போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஊர் தாண்டவில்லை. எங்கு பார்த்தாலும் கடையடைப்பு. ஓட்டல் இல்லை, பெட்டிக்கடை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. போலீஸ் இரண்டு இடத்தில் வண்டிகளைத் திருப்பி விட்டதில் சுற்றிச் சுற்றிப் போய், அந்த ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பைக்கில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. வெயிலில் தள்ளிக்கொண்டு போய், மதியம் ஒரு மணிக்குப் பள்ளிவாசலுக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வீட்டில் சபுரா என்று ஒரு பெண், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து, "எங்கிருந்து வாரீங்கண்ணே? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டிருக்கிறாள். மறுபடியும் வேண்டாம். மூன்றாம் தரம் செம்பிலேயே மொண்டுகொண்டு வந்து நீட்டினாள். அதையும் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்தவர், மதரஸா விட்டுப் பிள்ளைகள் வரிசையாக வருவதைப் பார்த்ததும் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாராம்.

நாலு மணிக்கு மேல் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. போகிறவர்கள் குடித்திருக்கிறார் போல என்று ஒதுங்கிப் போனார்கள். சபுராவின் அண்ணன் காதர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "இது குடிச்ச ஆளில்ல, ஒடம்புக்கு ஏதோ பண்ணுது" என்று சொல்லியிருக்கிறார். சபுரா சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஓடிவந்தாள். இறங்கவில்லை. விரலில் சர்க்கரையைத் தொட்டு ஈறில் தேய்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மீன் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு லோடு ஆட்டோவிலேயே படுக்க வைத்து, சபுரா தலையைத் தாங்கிக்கொள்ள, காதர் அண்ணன் மண் ரோட்டிலேயே ஓட்டினார்.

மூன்று இடத்தில் மறியல். ஒவ்வொரு இடத்திலும் அவர் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு இறங்கி நடந்துபோய், "உசுரு போகுது, வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் வீட்டு ஆம்பிளைகளைப் பறிகொடுத்த கோபத்தில் இருந்தவர்கள்தான். வந்து பார்த்துவிட்டு, ரோட்டில் போட்டிருந்த மரத்தை அவர்களே தூக்கி வழி விட்டார்கள். இதை மட்டும் நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். நீ போகிற இடத்திலும் ரோட்டை மறித்துக்கொண்டு ஜனம் நின்றால் வண்டியைக் கூட்டத்துக்குள் விடச் சொல்லாதே, ஹாரன் அடிக்கச் சொல்லாதே, போனை எடுத்துப் படம் பிடிக்காதே. தூரத்திலேயே நின்று, கை வெளியில் தெரிய, என்ன வேலையாகப் போகிறாய் என்று நிதானமாகச் சொல். ஆஸ்பத்திரிக்கு மருந்து அறை போட வந்தவன் என்று அவர்கள் பாஷையில் எழுதி வாங்கி வைத்துக்கொள். திரும்பிப் போ என்றால் திரும்பிவிடு, அதில் ஒரு மானமும் போகாது. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையிலும் பேசாதே, டாக்சியிலும் பேசாதே. நீ அந்த ஊரில் இருக்கப் போவதே மூன்று மாதம்தான்.

சாயங்காலம் பாங்கு சொல்வது வண்டிக்குள் கேட்டதாம். நோன்பு திறக்கிற நேரம். இரண்டு பேரும் வண்டியை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஸ்ட்ரெச்சர் உள்ளே போனபிறகு, காதர் அண்ணன் வராந்தாவில் இருந்த குழாயில் கையேந்தி நோன்பு திறந்திருக்கிறார். அப்பாவின் டைரியைப் பார்த்து நமக்குப் போன் செய்ததும் அவர்தான். ரோடு திறந்து நான் போய்ச் சேர்வதற்கு மறுநாள் காலை பத்து மணி ஆயிற்று. அதுவரைக்கும் சபுரா வீட்டுக்குப் போகவே இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நடந்ததையெல்லாம் நான் அறிந்தது அவள் வாயால்தான்.

உன் அப்பா இன்னும் இரண்டு நாள் இருந்தார். கண் திறந்திருந்தது, யாரையும் தெரியவில்லை. சர்க்கரை ரொம்ப நேரம் இறங்கியே கிடந்ததால் மூளை அடிபட்டுவிட்டது என்றார் டாக்டர். சர்க்கரை இறங்கும்போது முதலில் புத்திதான் மங்குமாம், ஆபத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காதாம். அதைச் சொல்லிவிட்டு அந்த டாக்டர், "சட்டைப் பையில கடலைமிட்டாய் இருந்துச்சேம்மா, ஏன் திங்கல?" என்று கேட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியலீங்க என்று சொன்னேன்.

உடலை எடுப்பதற்கு முன்னால் வாசலில் வைத்து உன் சித்தப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க அந்த ஊர்ல நாதியில்லாமப் போச்சே" என்று அழுதார். துக்கத்தில் வந்த பேச்சு அது, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நடந்தது தெரியாது, எனக்குத் தெரியும். கூட்டம் மொத்தமும் அதைக் கேட்டது, நீயும் கேட்டாய். இல்லை, கொடுத்தார்கள், மூன்று தரம் கொடுத்தார்கள், வாங்கக் கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை என்ன சொல்வார்கள் என்று பயம். புருஷனைத் தின்றவள் என்று சும்மாவே சொல்கிற ஊர். இதற்குமேல் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்கிற பயம்தான் பெரிய பயம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவர்கள் வந்தார்கள். பெருநாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அப்பாவின் பைக்கைத் துடைத்து, பெட்ரோல் போட்டு, அவ்வளவு தூரம் காதர் அண்ணன் ஓட்டிவந்தார், பின்னால் சபுரா. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாய். முற்றத்தில் இருந்த ஒருத்தர்கூட வாங்க என்று சொல்லவில்லை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஒருத்தர், அவர்கள் காதில் விழட்டும் என்றே, தண்ணீர்ப் பேச்சை மறுபடி எடுத்தார். நான் உள்ளே பானைப் பக்கத்தில்தான் நின்றேன். செம்பில் தண்ணீர் மொண்டும் விட்டேன். அதை வெளியே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். செம்பைத் திரும்பப் பானை மேலேயே வைத்தேன். அவர்கள் சாவியைப் படியில் வைத்துவிட்டு, வெயிலில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத வீடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது தம்பி. அது நம் வீடு.

அதற்கப்புறம் எனக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்து, இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டேன். தட்டில் கொஞ்சம் போட்டுவிட்டுப் போதுமா என்று ஒவ்வொருத்தரையும் கேட்பேன். வாய் திறந்து கேட்காத பிள்ளைகள் இருக்கும், அவர்களை அதட்டியாவது கேட்க வைப்பேன். என் வீட்டுப் பிள்ளையை மட்டும் கேட்காமல் இருக்கப் பழக்கிவிட்டேன்.

நீ போகிற ஊரில் நோன்பு வைப்பவர்கள் முன்னால், தெருவில் நின்று எதையும் தின்னாதே, அது சரிதான். ஹோட்டல் அறையில், வேலை இடத்தில் ஒரு மறைவில், எங்கே சாப்பிடலாம் என்று முதல் நாளே அவர்களையே கேட்டுவிடு. "தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா" என்று விளையாட்டுக்குக்கூட யாரையும் கேட்காதே. நோன்பு திறக்கிற நேரத்தை ஒட்டி ரோட்டில் இருக்காதே, எல்லாரும் வீட்டுக்குப் பறப்பார்கள், வண்டிகளும் தாறுமாறாக ஓடும், காவல் நிற்பவர்களும் அலுப்பில் இருப்பார்கள். யாராவது நோன்பு திறக்கக் கூப்பிட்டால் கட்டாயம் போ. பேரீச்சம்பழம் கொடுத்தால் சர்க்கரை என்று மறுக்காதே, ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாது. எந்த வழியாகப் போகிறாய் என்று தினமும் காலையில் எனக்கு ஒரு செய்தி போடு. புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது என்று நம் வீட்டில் ஒரு பழக்கம், அதை நான் விட்டாயிற்று, கேட்பேன். உனக்குச் சர்க்கரை இருப்பதைக் கூட வேலை செய்கிற எல்லாரிடமும் சொல்லிவை. சட்டைப் பையில் மிட்டாய் இருக்க வேண்டும், தலை கிறுகிறுத்தால் பள்ளிவாசல் வாசலாகவே இருந்தாலும் எடுத்து வாயில் போட வேண்டும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு வாரமாக யோசித்தேன். போன வியாழக்கிழமை கண்ணாடி மாற்றப் புதுக்கோட்டை போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. அறந்தாங்கி பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, அந்த ஊருக்குப் போனேன். புங்க மரம் இல்லை, வெட்டிவிட்டார்கள். எதிர் வீடு அப்படியே இருந்தது. சபுராவுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "அந்த ஐஸ் மிஷின் அண்ணன் வீட்டுத் தங்கச்சிதான? இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? உள்ள வாங்க" என்றாள். காதர் அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாராம். அவரிடம் நான் சொல்ல வைத்திருந்தது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. இனி யாரிடம் சொல்வது?

சபுராவிடம் சொன்னேன். முற்றத்தில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காததைச் சொன்னேன். நான் சொல்லி அனுப்பியதால்தான் அவர் வாங்கவில்லை என்பதை, வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "அது எனக்குத் தெரியும் தாயி" என்றாள்.

"மூணாவது தரம் செம்பக் கொண்டுபோய் நீட்டுனப்ப அவரே சொன்னாரு. 'என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பிச்சிருக்காம்மா, நோன்பு ஊர்ல எதையும் கேக்காதீங்க, திங்காதீங்கன்னு. அவ பேச்ச நான் ஒரு நாளும் கேட்டதில்ல, இன்னிக்கு ஒரு நாளாச்சும் கேட்டு வைக்கிறேன்'னு சொல்லிச் சிரிச்சாரு. ஆஸ்பத்திரியில ஒங்களப் பாத்தப்ப இத எப்படிச் சொல்ல? அப்பறம் ஒங்க வீட்டு முத்தத்துல அம்புட்டுப் பேரு பேசுனப்ப, அண்ணன் சொல்லிடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். சொல்லியிருந்தா ஒங்கள அந்தச் சனம் பிச்சுத் தின்னுருக்கும்."

இருபது வருஷம் தம்பி. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் மூடி வைத்திருந்ததை அவர்களும் மூடி வைத்திருந்தார்கள், எனக்காக. நம் முற்றத்தில் அவமானப்பட்டு நின்ற அந்த நிமிஷத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தலை நிமிராமல் அழுதேன். அவளும் அழுதாள். "நானும் விட்டிருக்கக் கூடாது, வம்பு பண்ணியாச்சும் குடிக்க வச்சிருக்கணும், இன்னும் ஒரு தரம் கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க மார்க்கத்துல நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பே கடமையில்ல. அவரு ரெண்டுமா இருந்தாரு. அவரு எங்க முன்னால குடிச்சிருந்தா எங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? குடுத்த நன்மைதான் கெடச்சிருக்கும்" என்றாள். மரியாதை என்று நினைத்து, அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதையும் நான் தடுத்திருக்கிறேன்.

மதியம் இரண்டு மணி. அவள் நோன்பு. விடிவதற்கு முன்னால் சாப்பிட்டவள், உதடு காய்ந்திருந்தது. எழுந்து உள்ளே போய், ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். இருக்கட்டும், நீங்க நோன்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பழகிய வாய் அல்லவா. அவள் செம்பைக் கீழே இறக்கவில்லை. நான் வாங்கினேன். அவள் கண் முன்னாலேயே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முழுச் செம்பையும் குடித்தேன். உன் அப்பாவுக்கு மூன்று தரம் வந்த தண்ணீர், நாலாவது தரமாக எனக்கு வந்தது. இதுவும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

நீ விமானத்தை விட்டு இறங்கியதும் எனக்குப் போன் செய்வாய். சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். அந்த ஊர் ஆள் ஒருத்தரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாயா என்றுதான் கேட்பேன். குடித்துவிட்டுக் கூப்பிடு. பானைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா